பேசக்கூடாத சுவர்கள்

ஆஸ்பத்திரியில் அவரை எல்லோரும் சுரண்டி என்றுதான் கூப்பிடுவார்கள். சுவரில் யாராவது காகிதம் ஒட்டினால் பிளேடால் சுரண்டி எடுக்க வேண்டும். அதற்குத்தான் அவருக்குச் சம்பளம். பேர் பொருத்தமாகத்தானே இருக்கிறது என்று அவரும் விட்டுவிட்டார். அந்தப் பேரைக் கேட்டு அவருக்கு உடம்பு கூசியது ஒரே ஒரு நாள்தான். பெற்ற மகள் ஆபரேஷன் தியேட்டருக்குள் கிடந்த நாள் அது.

இளவயதில் அவர் பார்த்தது இதற்கு நேர் எதிரான வேலை. பசை வாளியும் ஏணியுமாக ஊரெல்லாம் போஸ்டர் ஒட்டினார். கல்யாணம் ஆனதும், மகள் பிறந்ததும், அவளைப் படிக்க வைத்ததும் எல்லாம் அந்தப் பசையில்தான்.

அப்புறம் ஊரில் ஒரு காற்று அடித்தது. கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர்களும் போன் கம்பெனிக்காரர்களும் ஆபீஸை வெள்ளைவெளேர் என்று வைத்துக்கொண்டார்கள். பேரை மட்டும் சாம்பல் நிறத்தில், எறும்பு ஊர்ந்த மாதிரி ஒரு ஓரத்தில் எழுதினார்கள். அவர்கள் கையில் காசு புரண்டதா, அவர்கள் செய்வதுதான் அழகு என்று ஆகிவிட்டது. முடிவெட்டும் கடை வெள்ளை. மருந்துக் கடை வெள்ளை. சிமெண்ட் கம்பெனிக்காரன்கூட மூட்டையில் இருந்த சிங்கத்தை விரட்டிவிட்டு ஒரு வட்டம் போட்டான். எல்லாம் ஒரு தாய் பெற்ற பிள்ளைகள் மாதிரி இருந்தன. எந்தக் கடையில் என்ன விற்கிறது என்று உள்ளே போய்க் கேட்டால்தான் உண்டு. சுரண்டி ஒரு தடவை முடிவெட்டிக்கொள்ள நுழைந்து நாற்காலியில் சாய்ந்த பிறகுதான் அது கண் டாக்டர் இடம் என்று தெரிந்தது. "வந்தது வந்துட்டீங்க, கண்ணையும் பாத்துடலாம்" என்றாராம் டாக்டர்.

போஸ்டர் ஒட்டும் வேலை படுத்துவிட்டது. பிழைக்க வழி தேடி ஆஸ்பத்திரிக்கு வந்தார்.

ஆஸ்பத்திரியில் இரண்டு கட்டிடம். பழையதில் சுவர் முழுக்க போர்டு, தரையில் வண்ண வண்ணமாகக் கோடு. எழுதப் படிக்கத் தெரியாதவர்கூடக் கோட்டைப் பிடித்துக்கொண்டு ரத்த வங்கிக்குப் போய்விடலாம். புதியதைக் கட்டியவர் போன் கம்பெனி நடத்திச் சம்பாதித்த ஒரு முதலாளி. அது வளையல் மாதிரி வட்டமான கட்டிடம். வெளியே ஒரு நடை சுற்றிவரும், உள்ளே இன்னொரு நடை சுற்றிவரும், இரண்டையும் சேர்க்கக் குறுக்கே சின்னச் சின்ன வழிகள். சுவர், தரை, கதவு எல்லாம் வெள்ளை. கதவில் எழுத்தே கிடையாது, மெல்லிசாக ஒரு குறி இருக்கும். வட்டத்துக்குள் புள்ளி வைத்தால் பிரசவ வார்டு. புள்ளி இல்லாத வட்டம் கக்கூஸ். வழி தெரிய வேண்டுமா, போனில் பார்த்துக்கொள்ள வேண்டும். கொஞ்ச காலம் போன் வழி காட்டியது. பிறகு முதலாளியின் கம்பெனியில் ஆள் குறைத்தார்கள். போனைத் திறந்தால் ஒரு சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும், அவ்வளவுதான்.

அதனால் நர்சுகள் காகிதத்தில் எழுதி ஒட்டினார்கள். 'எக்ஸ்ரே இந்தப் பக்கம்.' 'இது கக்கூஸ் இல்லை, தட்டாதீர்கள்.' காலையில் அவர்கள் ஒட்டுவார்கள், மத்தியானம் சுரண்டி சுரண்டுவார். அதில் அவருக்குக் கர்வம் வேறு. பசையின் குணம் அவருக்கு அத்துப்படி. ஸ்பிரிட்டில் துணியை நனைத்து, பிளேடைச் சாய்த்துப் பிடித்து அவர் எடுத்தால், அங்கே காகிதம் இருந்ததற்குத் தடயமே இருக்காது.

"சுவர் பேசக்கூடாது, பாஸ்" என்பார் மேனேஜர். முதலாளியின் பழைய கம்பெனியிலிருந்து வந்த இளைஞர். காலர் இல்லாத பனியன்தான் போடுவார். டாக்டரிலிருந்து வாட்ச்மேன் வரைக்கும் அவருக்கு எல்லோரும் பாஸ்.

இதற்குள் ஊரில் காற்று திரும்பிவிட்டது. வெள்ளையைப் பார்த்துப் பார்த்து ஜனங்களுக்கு அலுத்துப்போனது. மருந்துக் கடை மறுபடியும் பச்சைக்குப் போனது. சிமெண்ட் மூட்டைக்குச் சிங்கம் திரும்பி வந்தது, முன்னைவிடக் கொழுத்து. அந்த முதலாளியே தன் கம்பெனி வாசலில் ஆரஞ்சு நிறம் அடித்துவிட்டதாகக் கேள்வி. மேனேஜர் மட்டும் அசையவில்லை. "ட்ரெண்ட் வரும், போகும். நாம ஒரிஜினல்" என்று சுவரைத் தடவிக்கொண்டிருந்தார்.

அந்த நேரத்தில்தான் சுரண்டியின் மகள் தலைப்பிரசவத்துக்கு அங்கே வந்து சேர்ந்தாள்.

காலையில் வார்டுக்குப் போய் எட்டிப் பார்த்தார். மனைவி கட்டிலோரம் உட்கார்ந்திருந்தாள். மருமகன் தண்ணீர் பாட்டிலைக் கையில் பிடித்தபடி நின்றார்.

"என்னம்மா, வலி வந்துச்சா?"

"வரும்போது உங்களுக்கும் கேக்கும்பா" என்றாள் மகள்.

டாக்டர் சாயந்தரம் ஆகும் என்று சொல்லியிருந்தார். சரி, அதுவரைக்கும் வேலையைப் பார்க்கலாம் என்று இறங்கினார். கீழே மேனேஜர் பரபரப்பாக இருந்தார்.

"பாஸ், இன்னிக்கு மேகசின்லேருந்து போட்டோ எடுக்க வர்றாங்க. நம்ம பில்டிங்கப் பத்திப் பெரிய கட்டுரை. ஒரு துண்டுக் காகிதம் கண்ணுல படக்கூடாது. தரையில அந்தச் சிவப்பு டேப் இருக்குல்ல, அதையும் எடுத்துடுங்க."

சிவப்பு டேப்பை ஒட்டியவர் தியேட்டரைக் கவனிக்கும் பெரிய சிஸ்டர். தியேட்டரைத் தேடி ஒரு கிழவர் போன மாதம் பாதி நாள் சுற்றினார். அதற்கப்புறம், பழைய கட்டிடத்திலிருந்து வரும் பாலத்தின் வாசலில் ஆரம்பித்து, தியேட்டர் கதவு வரைக்கும் தரையில் தன் கையாலேயே ஒட்டினார். ஒட்டி முடித்துவிட்டு இடுப்பில் கை வைத்து நின்று, "யோவ் சுரண்டி, காகிதம் எதை வேணா பிய்ச்சுக்கோ. இதுல கை வச்சே, உன் பிளேடு உன்கிட்ட இருக்காது" என்றும் சொல்லியிருந்தார்.

சுரண்டி தயங்கத்தான் செய்தார்.

"சிஸ்டர் சத்தம் போடுவாங்க சார்."

"நான் பேசிக்கிறேன் பாஸ். படம் எடுத்து முடிச்சதும் திரும்ப ஒட்டிக்கட்டும்."

பாலத்து வாசலில் குனிந்து நுனியை நகத்தால் கிளப்பினார். டேப் அறுபடாமல் வந்தது. அறுபடாமல் எடுக்க வேண்டும் என்று அவருக்கு ஒரு பிடிவாதம். தியேட்டர் கதவு வரைக்கும் குனிந்தபடியே போய், முழு டேப்பையும் பந்தாகச் சுருட்டிக் குப்பைத் தொட்டியில் போட்டார். நிமிர்ந்து பார்த்தார். தரை பால் மாதிரி இருந்தது. நல்ல வேலை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

மத்தியானம் போன் வந்தது. மனைவி.

"ஏங்க, எங்க இருக்கீங்க? பிள்ளையைத் தியேட்டருக்குத் தள்ளிக்கிட்டுப் போயிட்டாங்க. ரத்தமாப் போகுதுங்க. கட்டில் எல்லாம் ரத்தம்."

படி ஏறியது அவருக்கு நினைவில்லை. தியேட்டருக்கு வெளியே பெஞ்சில் மனைவி பையை மார்போடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கதவு திறந்தது. பெரிய சிஸ்டர் தலையை நீட்டினார்.

"சுரண்டி, பயப்படாதய்யா. ஆபரேஷன் ஆரம்பிச்சாச்சு. ஒரு பை ரத்தம் ஏறிக்கிட்டிருக்கு. அது தீர்றதுக்குள்ள அடுத்தது வந்துடணும். பழைய கட்டிடத்துலதான் இருக்கு."

"நான் ஓடிப்போய்..."

"உன் மருமகன் போயிட்டார். வார்டு ஆளுங்க ரெண்டு பேரையும் அந்த மேனேஜர் கீழே சோபா தூக்க வச்சிருக்கான். இங்க வழி தெரியாதேன்னு உன் மருமகன் சொன்னார். ஒண்ணும் யோசிக்காதீங்க தம்பி, பாலத்துக்கு வந்ததும் சிவப்பு டேப்பைப் பிடிச்சுக்கிட்டு வாங்க, நேரா என் கதவுக்கு வந்துடுவீங்கன்னு சொல்லி அனுப்பியிருக்கேன்."

கதவு மூடிக்கொண்டது.

சுரண்டி குனிந்து தரையைப் பார்த்தார். அவர் நின்ற இடத்தில் தரை சுத்தமாக இருந்தது. அவர் கையால் வந்த சுத்தம்.

மருமகன் யார் என்று தெரிந்தால்தான் சுரண்டியின் பயம் புரியும். டிரைவிங் ஸ்கூலில் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். நல்ல மனிதர், சொன்ன சொல் தட்டமாட்டார். ரோட்டில் கோடு இருந்தால் கோட்டைத் தாண்டமாட்டார். கோடு இல்லாத ரோட்டில் இடது ஓரத்தை விட்டு நகரமாட்டார். கல்யாண மண்டபத்துக்கு வழிகாட்டிய அம்புக்குறியை யாரோ குறும்புக்குத் திருப்பி வைத்ததால், தன் கல்யாணத்துக்கே தாமதமாக வந்த மாப்பிள்ளை அவர்.

மருமகனுக்குப் போன் போட்டார். மணி அடித்தது. மனைவி மடியில் இருந்த பைக்குள்தான் அடித்தது.

"அவசரத்துல என்கிட்ட குடுத்துட்டு ஓடினார்" என்றாள் மனைவி. "ஏன், என்ன ஆச்சு? ஏன் முகம் இப்படி இருக்கு?"

"டேப்பு..."

"என்ன டேப்பு?"

"அது இப்ப இல்ல. நான் எடுத்துட்டேன்."

அவள் தரையைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள்.

"நீங்களா?" என்றாள். சத்தமே இல்லாமல் கேட்டாள். அவள் கத்தியிருந்தால் அவருக்குத் தேவலை என்றிருந்திருக்கும்.

ஓடினார். பாலத்து வாசலுக்கு வந்து வாட்ச்மேனை உலுக்கினார்.

"ரத்தப் பெட்டியோட ஒருத்தர் போனாரா?"

"போய் ரொம்ப நேரம் ஆச்சேண்ணே. இங்க நின்னு தரையத் தடவித் தடவிப் பாத்தார். எதையாவது தொலைச்சிட்டீங்களான்னு கேட்டேன், கோட்டைக் காணோம்னார். எந்தக் கோடுன்னு எனக்கு என்ன தெரியும்? அப்புறம் அப்படியே இடது பக்கமா நடந்தார்."

சுரண்டியும் இடது பக்கம் ஓடினார். வெள்ளைக் கதவு, வெள்ளைக் கதவு, வெள்ளைக் கதவு. "மாப்பிள்ளை!" என்று கத்தினார். சத்தம் எதிரொலிக்காமல் இருக்கச் சுவருக்குள் பஞ்சு வைத்துக் கட்டியிருந்தார்கள். அவர் குரல் வாயை விட்டு வெளியே வந்ததும் செத்தது. ஒரு குறுக்கு வழியில் புகுந்து உள் நடைக்குப் போனார், அங்கேயும் ஆளில்லை. திரும்பி வெளி நடைக்கு வந்தார். தானே எந்தப் பக்கம் நிற்கிறோம் என்று ஒரு கணம் அவருக்கே குழம்பியது. மருமகன் சுற்றுகிறார், நாமும் அவர் பின்னாலேயே சுற்றுகிறோம், செக்கு மாடு இரண்டு சுற்றினால் ஒன்றை ஒன்று எப்போது பிடிக்கும்? உள்ளே ஒரு பை சொட்டுச் சொட்டாகத் தீர்ந்துகொண்டிருக்கிறது.

சுவரோரம் புண்ணுக்குக் கட்டுப்போடும் தள்ளுவண்டி ஒன்று நின்றது. மேலே புண் துடைக்கும் பழுப்பு மருந்து, பெரிய பாட்டில். பக்கத்தில் பஞ்சுச் சுருள்.

அவர் யோசித்துச் செய்ததாகச் சொல்ல முடியாது. பஞ்சைப் பிய்த்தார், மருந்தைக் கொட்டி நனைத்தார், பாலத்து வாசலுக்கு ஓடினார். வாசலுக்கு நேர் எதிர்ச் சுவரில் நெஞ்சு உயரத்தில் பஞ்சை வைத்து அழுத்தி இழுத்துக்கொண்டே நடந்தார். இத்தனை வருஷம் ஒரு தூசி ஒட்டவிடாமல் காத்த சுவரில் பழுப்பாக ஒரு கோடு விழுந்தது. மருந்து முழங்கை வரைக்கும் வழிந்தது. மருமகன் எங்கே சுற்றினாலும் இந்த இடத்தைத் தாண்டித்தான் ஆக வேண்டும். தாண்டும்போது பார்ப்பார். பார்த்தால் பிடித்துக்கொள்வார்.

வளைவில் போட்டோக்காரர்கள் விளக்குகளை நிறுத்தி வழியை அடைத்திருந்தார்கள். பெரிய கேமராவுக்குப் பின்னால் ஒரு பெண். பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு மேனேஜர்.

"பாஸ், பாஸ்! ஃப்ரேமுக்குள்ள வராதீங்க... ஐயோ, என்ன பண்றீங்க? பாஸ்! அது வெளிநாட்டுப் பெயிண்ட்!"

சுரண்டி நிற்கவில்லை. விளக்குக் கால் ஒன்று சுவரோடு ஒட்டி நின்றது. கோடு அறுந்துவிடக்கூடாதே என்று அதற்கு மேலே கையைத் தூக்கி, கோட்டை ஒரு மலை மாதிரி வளைத்து மறுபக்கம் இறக்கினார்.

மேனேஜர் கையைப் பிடித்தார். "புத்தி கெட்டுப்போச்சா உங்களுக்கு?"

"விடுங்க சார். என் பொண்ணு சாகுறா."

மேனேஜர் கை தானாக விலகியது.

குறுக்கு வழிக்குள் கோடு திரும்பியது. உள் நடை வந்தது. பாட்டிலில் மருந்து தீர்ந்துகொண்டு வந்தது, கோடு மெலிந்தது. பாட்டிலைக் கவிழ்த்து உள்ளங்கையில் ஊற்றி, கையாலேயே தேய்த்துக்கொண்டு போனார். தியேட்டர் கதவுக்குப் பக்கத்தில் ஐந்து விரலும் பதிய முடித்தார். மனைவி அவர் கையைப் பார்த்து ரத்தம் என்று நினைத்து அலறினாள்.

கதவு திறந்தது. பெரிய சிஸ்டர் முகத்தில் பழைய தெம்பு இல்லை.

"எங்கய்யா உன் மருமகன்? பை காலி!"

சுரண்டி கோடு முடிகிற இடத்தில் நின்று, அது வருகிற வழியையே பார்த்தார். யாரும் வரவில்லை. சிஸ்டர் உள்ளே திரும்பி யாரிடமோ, "அமுக்கிப் பிடிங்க, விட்டுடாதீங்க" என்றது கேட்டது. மனைவி எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டாள். இன்னும் யாரும் வரவில்லை.

அப்போது காலடிச் சத்தம். வளைவில் மருமகன் தெரிந்தார். சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. இடது கக்கத்தில் பெட்டி, வலது கை சுவரில். ஓட்டமும் நடையுமாக, கோட்டிலிருந்து விரலை எடுக்காமல் வந்துகொண்டிருந்தார். போட்டோக்காரப் பெண் பிற்பாடு சொன்னாள், விளக்குக் கால் இருந்த இடத்தில் கோடு மேலே ஏறி இறங்கியதே, அங்கேயும் மனிதர் கையை மேலே தூக்கி இறக்கித்தான் போனாராம்.

சிஸ்டர் பாய்ந்து பெட்டியைப் பிடுங்கினார். கதவு மூடியது.

"மாமா," என்றார் மருமகன் மூச்சு வாங்க, "கோடு தரையில, சிவப்புன்னு சொன்னாங்க. இது சுவர்ல, பழுப்பா இருக்கு. வேற ரூட்டோன்னு ஒரு நிமிஷம் நின்னுட்டேன். தப்பா மாமா?"

சுரண்டி அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். மருமகன் சட்டையும் பழுப்பானது.

பிறகு காத்திருப்பு. பெஞ்சில் மூன்று பேருக்கும் இடம் இருந்தது. மனைவி நகர்ந்து மருமகனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள். புருஷன் பக்கம் திரும்பவில்லை. அவர் சுவரோடு நின்றார். கண்ணை மூடினால் டேப் அறுபடாமல் உரிந்து வரும் சத்தம் கேட்டது.

மேனேஜர் வந்தார், பின்னாலேயே போட்டோக்காரப் பெண்ணும். மேனேஜர் குரலைத் தணித்துத்தான் பேசினார்.

"உங்க நிலைமை புரியுது பாஸ். ஆனா இது என் கட்டுரையையே கெடுத்துடுச்சு. இந்த டிசைனோட பெருமையை ஊருக்குக் காட்டலாம்னு..."

"பெருமையா?" என்றாள் அந்தப் பெண். "சார், உங்களுக்கு விஷயம் சொல்லலையா? போன் கம்பெனிங்க கொண்டுவந்த வெள்ளை மோகம் எப்படி முடிஞ்சுதுன்னுதான் கட்டுரை. ஊர்ல எல்லாரும் கலருக்கு மாறிட்டாங்க. மிச்சம் இருக்கிறது உங்க பில்டிங் ஒண்ணுதான், அதான் எடுக்க வந்தோம்."

மேனேஜர் பனியனைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார். "நாளைக்கு வந்து என்னைப் பாருங்க" என்று சுரண்டியிடம் சொன்னார்.

"நாளைக்கு முடியாது சார்" என்றார் சுரண்டி, கதவைப் பார்த்தபடியே. "உள்ள என்னன்னு தெரியாம நான் இங்கேருந்து நகரமாட்டேன்."

மேனேஜரும் போகவில்லை. அவரும் எதிர்ச் சுவரில் சாய்ந்தார்.

கதவு திறந்தபோது முதலில் வந்தது அழுகை. அப்புறம் துணிச்சுருள். அதற்கப்புறம்தான் பெரிய சிஸ்டர்.

"பொண்ணு. நல்லாக் கத்துறா, உங்க வீட்டு வாய்தான்."

"என் பொண்ணு?" என்றாள் மனைவி.

"பிழைச்சுட்டா. இன்னும் கொஞ்சம் தாமதமாயிருந்தா நான் இங்க நின்னு வேற பேசியிருப்பேன்." சிஸ்டர் பார்வை சுவருக்குப் போனது, தரைக்குப் போனது, சுரண்டியின் கைக்கு வந்தது. எல்லாம் விளங்கிவிட்டது. "உன்கிட்ட அப்புறம் பேசிக்கிறேன்" என்றார்.

பேசவும் செய்தார், வார்டே கேட்கும்படி. சுரண்டி தலையைக் குனிந்து முழுதும் கேட்டுக்கொண்டார். மகளிடம் அவரே சொன்னார், ஒன்றையும் மறைக்கவில்லை. மருமகன் விளக்குக் காலுக்குக் கையைத் தூக்கிய இடம் வந்ததும் அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். "சிரிக்க வைக்காதீங்கப்பா, தையல் வலிக்குது."

அந்தக் கோடு போகவில்லை. வெளிநாட்டுப் பெயிண்ட் மருந்தைக் குடித்துவிட்டிருந்தது. அதை அழிக்கச் சொல்லி யாரும் வரவும் இல்லை. நோயாளிகளின் வீட்டு ஆட்கள் அதைப் பிடித்துக்கொண்டு தியேட்டருக்கு நடக்க ஆரம்பித்துவிட்டார்கள். மேனேஜரே ஒரு நாள் பெயிண்ட் கம்பெனியின் வண்ண அட்டையைக் கொண்டுவந்து விரித்து, "தியேட்டருக்கு எந்தக் கலர் போடலாம், சிஸ்டர்?" என்று கேட்டார். பாஸ் என்று கூப்பிடவில்லை.

மனைவி மட்டும் சுரண்டியோடு பேசவில்லை. எதுவானாலும் மருமகன் வழியாகத்தான். "மாப்பிள்ளை, வெந்நீர் தீர்ந்துடுச்சுன்னு உங்க மாமாகிட்ட சொல்லுங்க." மாமா பக்கத்திலேயேதான் நிற்பார். மருமகனும் ஒரு வார்த்தை விடாமல் திருப்பிச் சொல்வார். பேத்தி எல்லோர் மடியிலும் கிடந்தாள், பக்கத்துக் கட்டில்காரி மடியில்கூட. இவர் கட்டில் காலருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கேட்க அவருக்கு வாய் வரவில்லை. அந்த நெற்றி, அந்தச் சின்ன முகவாய், தூக்கத்தில் புருவத்தைச் சுருக்குகிற அந்த அதிகாரம்! அவ்வளவையும் எட்ட நின்றே பார்த்தார்.

ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பும் நாளில் மருமகன் வண்டி பார்க்கப் போயிருந்தார். மகள் தலை வாரிக்கொண்டிருந்தாள். மனைவி கையில் குழந்தை. ஒரு கையால் துணிகளை மடித்துப் பைக்குள் திணிக்கப் பார்த்தாள், முடியவில்லை. நிமிர்ந்தாள். கை சும்மா இருந்தது அவருக்கு மட்டும்தான்.

"கையைக் கழுவினீங்களா?" என்றாள்.

அவருக்கு யாரைக் கேட்கிறாள் என்று புரியவே நேரம் ஆனது. "கழுவிட்டேன். நகத்துல இருக்கிறது மட்டும் போக மாட்டேங்குது."

அவள் அந்தக் கைகளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"உட்காருங்க. முதல்ல உட்காருங்க. தலைக்குக் கீழ கையைக் குடுங்க... அப்படி இல்ல, இப்படி."

மடியில் கனமே இல்லை. சூடு மட்டும் இருந்தது. பேத்தி சப்புக்கொட்டிவிட்டு மறுபடி தூங்கிப்போனாள். அவர் சிலை மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"மூச்சு விடலாம்" என்றாள் மனைவி.